மூடிய சுரங்கமும் ஓயாத பம்பும்: ரூர் பிரதேசத்தின் தொழில்கள்

ஐரோப்பாவின் எந்தப் பிராந்தியத்தைப் பற்றிப் படித்தாலும் 'முக்கியப் பொருளாதாரத் துறைகள்' என்று ஒரு சின்னப் பத்தி இருக்கும். மேற்கு ஜெர்மனியின் ரூர் பிரதேசத்துக்கு இன்று அப்படிப் பட்டியல் போட்டால் மருத்துவம், சரக்குப் போக்குவரத்து, மின்சாரம், ரசாயனம், உயர்கல்வி, சில்லறை வணிகம், மிச்சமிருக்கும் எஃகு என்று வரும். நிலக்கரி வராது. 2018 டிசம்பர் 21-ல் கடைசிச் சுரங்கத்தை மூடிட்டாங்க, அதனால் பட்டியலிலிருந்தும் எடுத்துட்டாங்க. நியாயம்தானே என்று நானும் தாண்டிப் போய்விட்டேன்.

அப்புறம்தான் ஒரு தகவல் கண்ணில் பட்டது. மூடிய சுரங்கங்களிலிருந்து தண்ணீர் இறைக்கும் வேலை இன்னும் நடக்கிறது. அதற்கு முடிவுத் தேதி கிடையாது. பத்து வருஷம், நூறு வருஷம் என்றெல்லாம் இல்லை, என்றைக்கும். இதற்கு ஜெர்மன்காரர்கள் வைத்திருக்கும் பெயரே 'நித்தியச் செலவு'.

ஒரு தொழில் போன பிறகும் அதன் செலவு மட்டும் நிற்காமல் ஓடும் என்றால், அந்தத் தொழில் உண்மையிலேயே போய்விட்டதா? இந்தக் கேள்விக்காக எடுத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

ஒரு ஊரா, ஐம்பத்து மூன்று ஊரா?

ரூர் என்பது தனி மாநிலம் இல்லை. வட ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்துக்குள் இருக்கும் ஒரு பகுதி. தெற்கே ரூர் ஆறு, மேற்கே ரைன், வடக்கே லிப்பே, நடுவே எம்ஷர் என்ற சிற்றாறு. எஸ்ஸன், டோர்ட்முண்ட், டூயிஸ்பர்க், போஹும், கெல்சன்கிர்ஷன், பொட்ராப் என்று 53 ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. மொத்தம் ஐம்பது லட்சம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். ஒரு ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பலகையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

1800 வாக்கில் எஸ்ஸனில் இருந்தவர்கள் ஐயாயிரம் பேருக்கும் குறைவு. மற்றவை விவசாயக் கிராமங்களும் சிறு சந்தை ஊர்களும்தான். இவ்வளவு பெரிய ஜனத்திரள் இங்கே சேர்ந்ததற்குக் காரணம் மண்ணுக்குள் கிடந்த கருநிலக்கரி. (நெய்வேலியில் எடுப்பது பழுப்பு நிலக்கரி, அதை மேலிருந்து திறந்து வெட்டலாம். ரூரில் கிடப்பது வேறு வகை, ஆழத்தில் போய்த்தான் எடுக்க வேண்டும்.)

தண்ணீரில்தான் ஆரம்பம்

இந்தக் கரி அடுக்குகள் தெற்கே ரூர் ஆற்றங்கரையில் தரைமட்டத்துக்கே வந்து எட்டிப் பார்க்கும். வடக்கே போகப் போகச் சாய்ந்து ஆழத்துக்குள் இறங்கிவிடும். இந்த ஒரு சாய்மானத்தை மனசில் வைத்துக்கொண்டால் பிரதேசத்தின் வரலாறு பாதி புரிந்துவிடும். முதலில் தெற்கே, ஆற்றோரக் குன்றுகளில் குடைந்து எடுத்தார்கள். அது தீரத் தீர வடக்கே நகர்ந்தார்கள். நகர நகர ஆழம் கூடியது.

ஆழம் கூடினால் என்ன ஆகும்? கிணறு வெட்டினவங்களைக் கேட்டால் சொல்வார்கள். ஊற்று வந்துவிட்டால் ஒரு பக்கம் இறைத்துக்கொண்டே இன்னொரு பக்கம் வெட்ட வேண்டும். ரூர் சுரங்கங்களிலும் அதே கதைதான். குன்றுகளில் சரிவாகக் குடைந்தவரை தண்ணீர் தானாக வடிந்து ஆற்றுக்குப் போனது. நேராகக் கீழே இறங்கியதும் அது நின்றுபோனது. 1800-களின் தொடக்கத்தில், தச்சராகத் தொழில் பழகிய ஃப்ரான்ஸ் டின்னன்டால் என்பவர் போஹும் பக்கத்துச் சுரங்கத்துக்கு ஒரு நீராவி எந்திரம் செய்து கொடுத்தார். அதன் வேலை கரி தூக்குவது இல்லை, தண்ணீர் இறைப்பது. ஆக, ரூரின் சுரங்கத் தொழிலில் நீராவி நுழைந்ததே பம்பு வழியாகத்தான்.

வடக்கே இன்னொரு தடை இருந்தது. கரிக்கு மேலே சுண்ணாம்புக் களிமண் பாறை கெட்டியாக மூடிக்கிடந்தது. அதைத் துளைக்க முடியாது, துளைத்தாலும் வெள்ளம் வந்துவிடும் என்று இருந்தார்கள். 1830-களில் எஸ்ஸன் அருகே ஃப்ரான்ஸ் ஹானியல் என்ற வணிகர் அதைத் துளைத்து, கீழே நல்ல கரி இருப்பதைக் காட்டினார். அந்தக் கரியைச் சுட்டால் இரும்பு உருக்கத் தேவையான கல்கரி கிடைக்கும். அதற்குப் பிறகு எல்லாம் வேகம்தான். 1847-ல் கோல்னிலிருந்து மிண்டன் வரை ரயில் பாதை ரூரின் குறுக்கே முடிந்தது. ரயிலுக்கு இரும்பு வேண்டும், இரும்புக்குக் கரி வேண்டும், கரியை ஏற்றிப் போக ரயில் வேண்டும். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மூன்றும் வளர்ந்தன.

கரியோடு சேர்ந்து வந்தவை

எஸ்ஸனில் க்ரூப் குடும்பம் 1811-ல் ஒரு சின்ன வார்ப்பட்டறையாகத் தொடங்கியது. அடுத்த தலைமுறையில் ஆல்ஃப்ரெட் க்ரூப், பற்றவைப்பு இல்லாத எஃகு ரயில் சக்கரப் பட்டையைச் செய்தார். க்ரூப் நிறுவனத்தின் மூன்று வளைய முத்திரை அந்தப் பட்டைகளைத்தான் குறிக்கிறது. ரயில் சக்கரத்தோடு பீரங்கியும் சேர்ந்துகொண்டது. பின்னால் நம்ம ஊர் வரைக்கும் இந்தத் தொழில் நீண்டது. 1950-களில் ஒடிசாவின் ரூர்கேலா எஃகாலையைக் கட்டிய ஜெர்மன் நிறுவனங்களில் க்ரூப்பும் டெமாகும் முக்கியமானவை. இரண்டுமே ரூர் நிறுவனங்கள். ரூர்கேலா என்ற பெயரில் 'ரூர்' இருப்பது மட்டும் தற்செயல்!

உழைக்க ஆள்? உள்ளூரில் போதவில்லை. பிரஷ்யாவின் கிழக்கு மாகாணங்களிலிருந்து போலிஷ் பேசும் குடும்பங்கள் லட்சக்கணக்கில் வந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இத்தாலி, கொரியா என்று ஆள் எடுத்தார்கள். 1961 அக்டோபரில் போட்ட ஒப்பந்தத்தின்படி துருக்கியிலிருந்தும் வந்தார்கள். இன்றைக்கு ரூரின் வாக்காளர் பட்டியலைப் புரட்டினால், போலிஷ் வால் உள்ள குடும்பப் பெயர்கள் ஜெர்மன் பெயர்களாகவே ஆகிவிட்டிருப்பதைப் பார்க்கலாம்.

ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். பழைய தொழில்களைப் பற்றி எழுதும்போது அது ஏதோ பொற்காலம் மாதிரி தொனி வந்துவிடும். அப்படி ஒன்றும் இல்லை. சுரங்கத்தில் உழைத்தவர்களின் நுரையீரலைக் கல்தூசி அரித்தது. 1946 பிப்ரவரியில் பெர்க்காமன் ஊரின் கிரிம்பெர்க் சுரங்கத்தில் நடந்த வெடிப்பில் 405 பேர் இறந்தார்கள். ஜெர்மனியின் மிக மோசமான சுரங்க விபத்து அதுதான். ஹிட்லர் காலத்தில் ரூரின் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் அடிமைகளாக வேலை வாங்கப்பட்டவர்கள் ஏராளம். அதற்காக ஆல்ஃப்ரீட் க்ரூப் 1948-ல் நியூரம்பெர்க் நீதிமன்றத்தில் 12 வருடத் தண்டனை பெற்று, 1951-லேயே விடுதலையானார்.

இந்தக் கரிக்கும் எஃகுக்கும் இருந்த மதிப்பைப் புரிந்துகொள்ள இரண்டு வருஷங்கள் போதும். 1923-ல் போர் நஷ்டஈடு சரியாக வரவில்லை என்று பிரான்சும் பெல்ஜியமும் ராணுவத்தை அனுப்பி ரூரைப் பிடித்துக்கொண்டன. 1951-ல் அதே நாடுகள் ஜெர்மனியோடு உட்கார்ந்து நிலக்கரி, எஃகுச் சமூகத்தை உருவாக்கின. மொத்தம் ஆறு நாடுகள். இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் விதை அதுதான். யாரும் தனியாகப் பீரங்கி செய்துகொள்ள முடியாதபடி கரியையும் எஃகையும் பொதுவில் வைக்கலாம் என்பது யோசனை.

அதே 1951-ல் மேற்கு ஜெர்மனியில் இன்னொரு சட்டமும் வந்தது. ஆயிரம் பேருக்கு மேல் வேலை செய்யும் சுரங்க, எஃகு நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுவில் தொழிலாளர் தரப்புக்குச் சரிபாதி இடம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பகுதிக்கு வேண்டும்.

அறுபது வருஷம் எடுத்த மூடுவிழா

1957-ல் மேற்கு ஜெர்மனியின் கருநிலக்கரித் தொழிலில் ஆறு லட்சம் பேர் இருந்தார்கள். பெரும்பாலானவர்கள் ரூரில். அடுத்த வருஷமே சரிவு. மத்திய கிழக்கிலிருந்து மலிவாக எண்ணெய் வந்தது. கடல் தாண்டி வந்த அமெரிக்கக் கரிகூட ரூர் கரியைவிட மலிவாக விற்றது. காரணம் அந்தச் சாய்மானம்தான்! ரூரில் ஆயிரம் மீட்டர் ஆழத்துக்குப் போய் எடுக்க வேண்டியதை, மற்றவர்கள் மேலேயே அள்ளினார்கள். 1958 தொடக்கத்தில் வேலையற்ற ஷிப்ட்கள் ஆரம்பித்தன. விற்காத கரி மலை மலையாகக் குவிந்தது.

இங்கே ரூர் எடுத்த வழி வேறு. பிரிட்டனில் 1984-85 வேலைநிறுத்தம் தோற்ற பிறகு சுரங்கங்களை மளமளவென்று மூடினார்கள், ஊர் ஊராகச் சரிந்தன. ரூரில் அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்று தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து மெதுவாக மூடுவது என்று முடிவெடுத்தார்கள். 1968-ல் பெரும்பாலான சுரங்கங்களை ஒரே நிறுவனமாக, ரூர்கோலே என்ற பெயரில் சேர்த்தார்கள். ஒரு சுரங்கம் மூடினால் அதன் ஆட்கள் அடுத்த சுரங்கத்துக்கு மாற்றப்பட்டார்கள். தரைக்கடியில் உழைத்தவர்களுக்கு ஐம்பதை ஒட்டிய வயதிலேயே ஓய்வூதியம். எந்தச் சுரங்கத் தொழிலாளியும் வெறுங்கையோடு தெருவுக்குப் போகக் கூடாது என்பதுதான் கொள்கை. மேற்பார்வைக் குழுவில் சரிபாதி இடம் இருந்தது சும்மா போகவில்லை.

ஆனால் இந்தப் பொறுமைக்குக் காசு யார் கொடுத்தது? வரி கட்டியவர்கள், மின்கட்டணம் கட்டியவர்கள். 1970-களின் நடுவிலிருந்து ஜெர்மனியின் மின்கட்டணத்தில் 'கரிக் காசு' என்று ஒரு கூடுதல் வரி சேர்ந்து வந்தது. 1994-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் அது செல்லாது என்று சொன்னது. பிறகும் நேரடி மானியமாக அரசு கொடுத்துக்கொண்டே இருந்தது. இரண்டு தலைமுறைக்கு, சந்தையில் விலைபோகாத கரியை விலை கொடுத்து எடுத்தார்கள்.

இதைத் திட்டுபவர்கள் உண்டு. அந்தப் பணத்தில் புதுத் தொழில் கொண்டுவந்திருக்கலாமே என்பார்கள். அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. சுரங்க, எஃகு நிறுவனங்கள் நிலத்தை விற்காமல் கட்டிவைத்திருந்தன. வேறு ஆலை வந்தால் ஆள் அங்கே போய்விடுவானே, கூலி ஏறிவிடுமே என்ற பயம். அதனால் வர நினைத்த ஆலைகளுக்கு இடமே கிடைக்கவில்லை. படிப்பு நிலைமை இன்னும் மோசம். டூயிஸ்பர்கில் இருந்த பழைய பல்கலைக்கழகத்தை 1818-ல் மூடினார்கள். அதற்குப் பிறகு 1965-ல் போஹும் திறக்கும்வரை இத்தனை லட்சம் பேர் வாழ்ந்த பிரதேசத்தில் ஒரு பல்கலைக்கழகம் கிடையாது. சுரங்கத்துக்கும் உலைக்கும் கை போதும், தலை வேண்டாம் என்று நினைத்தார்களோ என்னவோ!

புதிய துறைகள் வந்தன, சில போயின

போஹுமில் மூடிய சுரங்க நிலத்தில் 1962-ல் ஓப்பல் கார் ஆலை வந்தது. ஒரு கட்டத்தில் சுமார் 20,000 பேர் அங்கே வேலை பார்த்தார்கள். கரி போனாலும் கார் இருக்கிறது என்றார்கள். 2014-ல் அதுவும் மூடியது. அதே ஊரில் இருந்த நோக்கியா ஆலை 2008-ல் மூடி, உற்பத்தி ருமேனியாவுக்குப் போனது. ஐம்பது வருஷத்தில் ஒரே ஊர் கரி, கைபேசி, கார் என்று மூன்றையும் அனுப்பிவைத்திருக்கிறது.

டோர்ட்முண்டின் கதை கொஞ்சம் வேறு. அந்த ஊருக்குக் கரி, எஃகு, பீர் என்று மூன்று கால்கள் இருந்தன. ஃபீனிக்ஸ் எஃகாலை 2001-ல் நின்றது. சீன நிறுவனம் ஒன்று அதை வாங்கி, தன் ஆட்களையே கொண்டுவந்து போல்ட் போல்ட்டாகக் கழற்றிக் கப்பலேற்றியது. ஆலை நின்ற பள்ளத்தில் 2010-லிருந்து தண்ணீர் நிரப்பி ஏரியாக்கினார்கள். கரையில் இப்போது விலை அதிகமுள்ள வீடுகள். பழைய எஃகுத் தொழிலாளி அங்கே வீடு வாங்க முடியுமா என்பது வேறு கேள்வி.

எஸ்ஸனின் சோல்ஃபெரைன் சுரங்கம் 1986-ல் மூடியது. இடிக்காமல் விட்டார்கள். 2001-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது, இன்று அதற்குள் அருங்காட்சியகம். டூயிஸ்பர்கில் ஐரோப்பாவின் மிகப் பெரிய உள்நாட்டுத் துறைமுகம் இருக்கிறது. சீனாவின் சோங்சிங்கிலிருந்து கிளம்பும் சரக்கு ரயில் அங்கேதான் வந்து சேர்கிறது. உலகமெங்கும் தெரிந்த ஆல்டி கடைகளின் வேரும் இங்கேதான். 1913-ல் எஸ்ஸனின் சுரங்கத் தொழிலாளர் பகுதியான ஷோனபெக்கில் ஆல்ப்ரெஹ்ட் குடும்பத்தின் அம்மா நடத்திய சின்ன மளிகைக் கடை அது. கூலிக்காரக் குடும்பம் காசை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் ஊரில் மலிவு விலைக் கடை பிறந்ததில் ஆச்சரியமில்லை.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. ஜெர்மனியில் வேலையின்மை அதிகமுள்ள நகரங்களின் பட்டியலில் கெல்சன்கிர்ஷன் தொடர்ந்து மேலேயே இருக்கிறது. ஏ-40 நெடுஞ்சாலைக்குத் தெற்கே வசதியும், வடக்கே ஏழ்மையும் என்பது அங்கே பழகிய பேச்சு. கரி கடைசியாக நகர்ந்ததும் வடக்கே, விட்டுப்போனதும் வடக்கே. எஃகும் ஆட்டம் காண்கிறது. 2024 நவம்பரில் தைசன்க்ரூப்பின் எஃகுப் பிரிவு சுமார் 11,000 வேலைகளைக் குறைக்கவோ வெளியாருக்குக் கைமாற்றவோ போவதாக அறிவித்தது.

பூமி இறங்கிய கதை

இப்போது அந்த 'நித்தியச் செலவு'க்கு வருகிறேன். கரியை எடுத்த இடம் வெற்றிடம். மேலே இருக்கும் பாறை மெல்ல மெல்ல அமர்ந்துவிடும். அதோடு தரையும் இறங்கும். எஸ்ஸன் பக்கம் சில இடங்களில் 20 மீட்டருக்கும் மேல் இறங்கியிருக்கிறது. ஆறு ஏழு மாடி உயரம்! வீடு, ரயில் நிலையம், கோயில் எல்லாம் சேர்ந்தே இறங்கியதால் பார்க்கத் தெரியாது. ஆனால் தண்ணீருக்குத் தெரியும். ஆறு மேலே, ஊர் கீழே என்று ஆகிவிட்டது. பம்பு போட்டு மழைநீரையும் சாக்கடையையும் மேலேற்றாவிட்டால் பிரதேசத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு நீரில் மூழ்கும் என்கிறார்கள்.

எம்ஷர் ஆறு இதற்கு நல்ல உதாரணம். தரை இறங்கிக்கொண்டே இருந்தால் மண்ணுக்குள் பதித்த குழாய் உடைந்துவிடும். அதனால் பாதாளச் சாக்கடையே போட முடியவில்லை. 1899-ல் ஊர்களும் ஆலைகளும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு அமைத்து, எம்ஷரையே கான்கிரீட் கரைபோட்ட திறந்த சாக்கடையாக மாற்றினார்கள். தரை இறங்கியதால் ஆற்றின் முகத்துவாரத்தையே 1910-லும் 1949-லும் வடக்கே தள்ள வேண்டியிருந்தது. சுரங்க வேலை நகர்ந்து தரை அமைதியான பிறகே, 1992-ல் ஆற்றை மீட்கும் வேலை தொடங்கியது. முப்பது வருஷம், ஐந்து பில்லியன் யூரோவுக்கு மேல். 2021 கடைசியில்தான் எம்ஷரில் சாக்கடை கலப்பது முழுதாக நின்றது.

இது மேலே. கீழே, கைவிட்ட சுரங்க வழிகளில் மழைநீர் ஊறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. உப்பும் உலோகமும் கரைந்த அந்த நீர் மேலேறி வந்து குடிநீர் அடுக்கோடு கலந்தால் ஆபத்து. அதனால் சில நூறு மீட்டர் ஆழத்திலேயே அதை நிறுத்திவைக்க இறைக்கிறார்கள். டின்னன்டாலின் எந்திரம் செய்த அதே வேலை. என்ன, அன்றைக்குக் கரி எடுக்க இறைத்தார்கள், இன்றைக்கு எடுத்ததற்காக இறைக்கிறார்கள்.

செலவு வருஷத்துக்கு இருபது கோடி யூரோவுக்கு மேல். இதற்காக 2007-ல் ஒரு அறக்கட்டளை அமைத்தார்கள். ரூர்கோலே நிறுவனத்திடம் இருந்த ரசாயனத் தொழிலைத் தனியாக்கி, எவோனிக் என்று பெயரிட்டு, அதன் பங்குகளை அறக்கட்டளையிடம் கொடுத்தார்கள். அந்த லாபப் பங்கும் மற்ற முதலீடுகளின் வருமானமும் தண்ணீர் இறைக்கும் செலவைக் கட்டுகின்றன. 2019-லிருந்து இது நடக்கிறது.

கெட்டிக்கார ஏற்பாடு, ஒத்துக்கொள்கிறேன். வெட்டும்போதே முடிவுச் செலவுக்கு வழி பண்ணிவைத்த சுரங்கங்கள் உலகில் அதிகம் இல்லை, ரூரும் அப்படிப் பண்ணவில்லை. மூடும் நேரத்திலாவது யோசித்தார்கள். ஆனால் இதன் அர்த்தத்தைப் பாருங்கள். இந்தப் பிரதேசத்தில் ஒரு ரசாயன ஆலை நன்றாக ஓட வேண்டியது, என்றோ மூடிய சுரங்கத்தின் தண்ணீரை இறைப்பதற்காகவும்தான். அந்த ஆலைக்குக் கெட்ட காலம் வந்தால்? அறக்கட்டளையிடம் பணம் போதாவிட்டால் மாநில அரசுகளும் மத்திய அரசும் பொறுப்பு என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அதாவது மறுபடியும் வரி கட்டுபவர்.

கடைசியாக

2018-ல் பொட்ராப் ஊரின் ப்ராஸ்பர்-ஹானியல் சுரங்கம் மூடியபோது, கடைசியாக வெட்டிய கரிக்கட்டியைத் தொழிலாளர்கள் ஜெர்மன் குடியரசுத் தலைவர் ஷ்டைன்மையரிடம் கொடுத்தார்கள். பாறையைத் துளைத்த ஹானியலின் பெயர் கடைசிச் சுரங்கத்திலும் இருந்தது. முகமெல்லாம் கரியோடு நின்ற ஆட்களின் கண்ணீரும் உண்மை. சுரங்கத்தின் பம்பு அன்றைக்கும் ஓடியது, மறுநாளும் ஓடியது.

அறுபது வருஷ மெதுவான மூடல் சரியா தப்பா என்று என்னைக் கேட்டால், ஆட்களைப் பொறுத்தவரை சரி என்றுதான் சொல்வேன். தெருவில் விடப்பட்ட ஒரு தலைமுறையின் செலவும் கடைசியில் யாரோ கட்டுவதுதான், அது மட்டும் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வராது. ஆனால் மண்ணின் கணக்கை முதல் நூறு வருஷம் யாரும் போடவில்லை. கரி விற்ற லாபம் அந்தந்தத் தலைமுறையோடு போய்விட்டது, பம்பின் கரண்டு பில் மட்டும் இனி பிறக்கப்போகிறவர்களுக்கு.

இனிமேல் எந்தப் பிராந்தியத்தின் 'முக்கியத் துறைகள்' பட்டியலைப் பார்த்தாலும், பட்டியலில் இல்லாமல் போன துறை எது, அது எதை விட்டுப்போயிருக்கிறது, அந்தச் செலவு யார் தலையில் என்று தேடிப் பார்ப்பதாக இருக்கிறேன். நீங்களும் பாருங்க. அந்தப் பக்கம் வேலைக்கோ படிக்கவோ போனவர்கள் இருந்தால், பார்த்ததை எழுதுங்கள். நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிட அது பயனுள்ளதாக இருக்கும்.